செத்த நேரம்

ராஜபாளையத்தில் என் அக்காவின் சவப்பெட்டியை மூடுவதற்குள் முகம் பார்த்துவிட வேண்டுமென்று வத்திராயிருப்பிலிருந்து வேன் பிடித்தேன். டிரைவர் ஒல்லியான மனிதர். இன்ஜினைவிட அவருக்குத்தான் அதிகம் வேர்த்தது. எதைக் கேட்டாலும் "செத்த நேரம்" என்பார். கொஞ்ச நேரமாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் அந்தப் பழைய டீசல் வேன் ஆவி கக்கி நின்றது. ரேடியேட்டர் குழாய் வெடித்துத் தண்ணீரெல்லாம் ஒழுகியிருந்தது. ரப்பரைச் சுற்றிக் கட்டி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கிளப்பினார். மறுபடி கொதித்தது.

"உள்ள காத்து அடச்சிருக்கு ஆச்சி."

"எனக்குந்தாம்லே அடச்சிருக்கு. அதுக்கும் சுக்குத்தண்ணி குடுத்துப் பாரேன்."

அந்தக் காற்று மேலேறி வெளியேற அவர் முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றினார். மறுபடி ஆறவிட்டு, மூடியைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிட்டார். உச்சி வெயிலில் ஹீட்டரையும் போட்டார். தண்ணீர் குமிழி விட்டு உள்ளே இறங்க, ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"இன்னும் எம்புட்டு நேரம்லே?"

"செத்த நேரம் ஆச்சி."

"செத்தவ அங்க கெடக்கா, நீ செத்த நேரங்கியே!"

சொன்னதும் எனக்கே அழுகை வந்துவிட்டது. குமிழி நின்றதும் அவர் ரேடியேட்டரை மூடிவிட்டு வேனை விரட்டினார்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது பெட்டியை மூட மூடியைத் தூக்கிவிட்டார்கள். நான் கம்பியைப் பிடித்து மெல்ல இறங்குவதற்குள் அவர் வேனிலிருந்து குதித்து, முன்பின் தெரியாத அந்தக் கூட்டத்துக்குள் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"செத்த நேரம்யா! ஆச்சி வாராவ!"

மூடி அந்தரத்தில் நின்றது. அவருடைய செத்த நேரம் எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அக்கா முகத்தைப் பார்க்க அது போதுமானதாக இருந்தது.