இருநூறு அடிக்குள்

நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில், "என்ன படிச்சிருக்கீங்க?" என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஹிஸ்டரி என்று சொன்னதும் கேட்டவர் முகத்தில் ஒரு பரிதாபம் தெரியும். சுற்றிலும் எல்லோரும் கம்ப்யூட்டர், மருந்துக் கம்பெனி, டாக்டர். நான் மட்டும் சரித்திரத்தில் எம்.ஃபில். தலைப்பைச் சொன்னால் எழுந்தே போய்விடுவார்கள்: பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதராஸ் மாகாணத்தின் ஒரு ஜில்லாவில் சர்க்கார் அறிவிப்புகளை எப்படி வெளியிட்டார்கள் என்பது.

எனக்கு அது உயிராக இருந்தது. எழும்பூரில் பழைய காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்த கட்டடத்தில் தும்மிக்கொண்டே இரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். ரோடு போட, ரயில் பாதை போட, கச்சேரி கட்ட சர்க்காருக்கு நிலம் வேண்டும். அதற்கு முன்னால் ஓர் அறிவிப்பு வெளியாக வேண்டும். ஜில்லா கெஜட்டில் இங்கிலீஷிலும் தமிழிலும் அச்சாகும். ஒரு பிரதி கலெக்டர் கச்சேரிச் சுவரில் ஒட்டப்படும், இன்னொன்று கிராமச் சாவடியில். கூடவே ஒரு தண்டோரா. ஆட்சேபம் இருப்பவர்கள் கெடுவுக்குள் வந்து சொல்ல வேண்டியது. வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

கேட்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! ஆனால் நான் பார்த்த கட்டுகளில், கையில் கொடுக்கும் நோட்டீஸ் பட்டாவில் பெயர் இருப்பவருக்குத்தான் போயிற்று. அவர் எங்கோ டவுனில் சௌகரியமாக இருப்பார். தலைமுறையாக அந்த நிலத்தை விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு உழுதவன் பெயர் எந்தக் காகிதத்திலும் கிடையாது. அறிவிப்பில் நிலத்துக்கு ஒரு சர்வே நம்பர் இருக்கும். உழுதவனுக்கோ அது புளியமரத்துக் காடு. அளவுக்கல் நட ஆள் வந்த அன்றுதான் அவனுக்கு விஷயமே தெரியும். அடித்துப்பிடித்து யாரையாவது பிடித்து மனு எழுதிப் போடுவான். அறிவிப்பு முறைப்படி வெளியாகிவிட்டது, இனிமேல் கவனிப்பதற்கில்லை என்று ஒரு வரியில் பதில் வரும். அந்த மாதிரிப் பதில்களாகத் திரட்டி ஓர் அத்தியாயமே எழுதினேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர், "கலெக்டரை உண்டு இல்லைன்னு பண்ணிட்டியேம்மா" என்று சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அமெரிக்காவில் அந்தப் படிப்பைச் சீந்த ஆள் இல்லை. பிறகு வேலை செய்ய அனுமதி கிடைத்து, வாரத்தில் இரண்டு நாள் காலையில் மட்டும் உள்ளூர் லைப்ரரியில் புத்தகம் அடுக்கினேன். அந்த நேரத்துக்கு மூன்று வயது மகளை ஓர் அம்மாள் தன் வீட்டில் நடத்திய டேகேரில் விடுவேன். மகள் அவரை "மிஸ்" என்பாள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஏப்ரன் பையில் எப்போதும் டிஷ்யூ திணித்திருப்பார். நாலைந்து குழந்தைகள் அவரிடம் இருந்தன. "போதுமா?" என்ற ஒரே தமிழ் வார்த்தையை என்னிடம் கற்றுக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் எல்லாக் குழந்தைகளிடமும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

அது வாடகை வீடு. பின்பக்கம் கார் நிறுத்தும் ஜல்லித் தரையைத் தவிர இடமே கிடையாது. அடுத்த மனையின் புல்தரை அந்த வீட்டுக்குப் பின்னாலும் நீண்டு வரும். அந்த மனைக்காரக் கிழவர் இருந்தவரை, குழந்தைகள் விளையாடட்டும் என்று அதை மிஸ்ஸுக்கு விட்டிருந்தார். அங்கே ஓர் ஊஞ்சல், சறுக்கு, மணல் தொட்டி. கிழவர் போனபின் அவர் மகன் வீட்டை விற்க போர்டு மாட்டினான். மகளை விடப் போனபோது அந்த போர்டைப் பார்த்தவள் நான்தான்.

பார்த்ததும் நேராகக் கோயில் கமிட்டிக்குச் சொன்னேன். அப்போது எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் யார் வீட்டு பேஸ்மென்டிலாவது கூடித்தான் பூஜை செய்துகொண்டிருந்தோம். ஒரு ஹால் வேண்டும் என்று பக்கத்து டவுனில் முயன்றது மண்ணைக் கவ்வியிருந்தது. கட்டட அனுமதி தரும் டவுன்ஷிப் போர்டின் கூட்டத்துக்கு அக்கம்பக்கத்தார் கூட்டமாக வந்து, டிராஃபிக் ஆகும், சத்தம் வரும் என்று எழுந்து எழுந்து பேசி விரட்டிவிட்டார்கள். அந்தச் சூடு எங்களுக்கு ஆறவில்லை. இந்த முறை அனுமதி கிடைத்தால் மட்டும் இடத்தை வாங்குவது என்று கிழவரின் மகனுடன் ஒப்பந்தம் போட்டோம்.

கமிட்டித் தலைவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து அங்கிள். அவர் வீட்டு டைனிங் டேபிளில் இன்ஜினீயர் கொடுத்த வரைபடத்தை விரித்தார்கள். ஹாலுக்கு இத்தனை பேர் என்றால் இத்தனை கார் நிறுத்த இடம் காட்டியாக வேண்டும். ஊஞ்சல் இருந்த இடத்தில் கோடு கோடாக பார்க்கிங் போட்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இப்போது சொல்லித் தப்பிக்க முடியாது.

கமிட்டியில் ஒரு டாக்டர் பெண் இருந்தாள், கள்ளமில்லாதவள். "ஆன்ட்டி, நாம வீடு வீடா போய் ஸ்வீட் குடுத்து நாமளே சொல்லிட்டா என்ன?" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காரியதரிசி நான். சர்க்கார் காகிதம் என்றால் எனக்குத் தெரியும் என்று பேராகியிருந்தது. "தேவையில்ல. நம்ம இடத்துலேர்ந்து இருநூறு அடிக்குள்ள இருக்கிற ஓனர்ஸுக்கு செர்டிஃபைட் மெயில், பேப்பர்ல ஒரு நோட்டீஸ். லா கேக்கறது அவ்வளவுதான். டெனன்ட்டுக்கு அனுப்பணும்னு இல்ல" என்றேன்.

"ஹிஸ்டரி அம்மா சொன்னா சரியாத்தானுங்க இருக்கும். நாமளா போய் எதுக்குங்க கிளறி உடோணும்?" என்றார் தலைவர். நாலு பேர் தலையாட்டினார்கள். இந்த ஊருக்கு வந்து முதல் தடவையாக என் படிப்புக்கு ஒரு மரியாதை கிடைத்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று.

மிஸ்ஸிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடலாம் என்று அன்றே மனதுக்குள் ஒரு சமாதானம் செய்துகொண்டேன்.

மிஸ் வீட்டின் சொந்தக்காரர் ஃப்ளோரிடாவில் இருந்தார். அவருக்குப் போன கவர் கையெழுத்தாகி, ரசீது ஒழுங்காகத் திரும்பி வந்தது. பத்திரிகை நோட்டீஸ் கடைசிப் பக்கங்களில், பழைய கார் விளம்பரங்களுக்குப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் வந்தது. தெருப் பெயர்கூட இல்லை. பிளாக் நம்பர், லாட் நம்பர் மட்டும். அதைக் கத்தரித்து ஃபைலில் ஒட்டும்போது என் தீசிஸ் நினைவுக்கு வராமல் இருக்குமா? வந்தது. பசையை அழுத்தித் தேய்த்துவிட்டு மூடிவைத்தேன்.

டவுன்ஷிப் போர்டின் ஹியரிங்குக்கு இன்னும் நாள் இருந்தது. ஒவ்வொரு தடவை மகளை விடப் போகும்போதும் இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். ஒருநாள் ஒரு குழந்தை வாந்தி எடுத்துவிட்டது. ஒருநாள் எனக்கு லைப்ரரிக்கு நேரமாகிவிட்டது. இன்னொரு நாள் அவரே பேச்சை எடுத்தார். கோடையில் இன்ஸ்பெக்டர் வருவார், குழந்தைகளுக்கு வெளியே விளையாட இடம் இல்லையென்றால் டேகேரை நடத்த விடமாட்டார்கள், யார் வாங்கினாலும் புல்தரையை விடச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றார். வாசல் திறந்து கிடந்தது, நான் நுழைந்தால் போதும். "கேளுங்கள், நல்லவர்களாகத்தான் இருப்பார்கள்" என்று சொல்லிவிட்டுக் காரில் வந்து உட்கார்ந்தேன்.

அந்த வாரங்களில் மிஸ்ஸுக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்த முறுக்குக்கும் மைசூர்பாகுக்கும் அளவில்லை. பாவம், இவளுக்குத் தன்மேல் என்ன இவ்வளவு அன்பு என்று அவர் நினைத்திருப்பார்.

மிஸ்ஸிடம் சொல்லிவிடப் போகிறேன் என்று வீட்டில் கணவரிடம் ஒரு தடவை சொன்னேன். "உன் தீசிஸை இங்க இழுக்காத. அவங்க வந்து அழுதா பார்க்கிங் போச்சு, பார்க்கிங் போச்சுன்னா ஹாலே போச்சு. அப்பறம் எல்லாருக்கும் நீ பதில் சொல்லு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எனக்கு வசதியாக இருந்தது. கலெக்டராவது அந்த உழவனின் முகத்தைப் பார்த்ததில்லை. நான் என் குழந்தையையே மிஸ் கையில் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

ஹியரிங் அன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். எங்கள் வக்கீல் பேசினார், இன்ஜினீயர் பேசினார். மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று போர்டில் ஒருவர் கேட்டார். கடைசியில் தலைமை வகித்தவர், பொதுமக்களில் யாராவது பேச விரும்புகிறீர்களா என்றார். திரும்பிப் பார்த்தேன். ஒரு பெரியவர் எழுந்து, வெளியே ஒலிபெருக்கி வைப்பீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் இருந்த நாற்காலிகள் எல்லாம் காலி. அதைப் பார்த்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. சந்தோஷம்தான், வேறு என்ன சொல்ல. அனுமதி கிடைத்தது. பார்க்கிங் லாட்டில் யாரோ கேசரி டப்பாவைத் திறந்தார்கள். நானும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

போர்டின் முடிவை எதிர்த்து வழக்குப் போட ஒரு கெடு உண்டு. அந்த அறிவிப்பும் அதே எறும்பு எழுத்தில் வந்தது, கெடுவும் தாண்டிப் போயிற்று.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மகளை அழைத்துவரப் போனேன். "அம்மா, லுக், பிங்க் ஃப்ளாக்ஸ்!" என்று அவள் என்னைப் பின்பக்கம் இழுத்துப் போனாள். சர்வேக்காரர்கள் ஊஞ்சலைச் சுற்றி ரிப்பன் கட்டிய குச்சிகளை நட்டிருந்தார்கள். மிஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கேஸ் பைப் போடுகிறார்களோ, நீ லைப்ரரியில் இருக்கிறாயே, இது என்னவென்று கேட்டுச் சொல்ல முடியுமா என்றார்.

அன்று மட்டும் பொய் வரவில்லை. இது கோயில் ஹாலுக்கான பார்க்கிங் என்றேன். போர்டு கூட்டம் நடந்து அனுமதியும் ஆகிவிட்டது, நோட்டீஸ் அனுப்பியவளே நான்தான், உங்கள் வீட்டுச் சொந்தக்காரருக்கு அனுப்பினேன் என்றேன்.

"எனக்கு?" என்றார்.

சட்டப்படி சொந்தக்காரருக்கு மட்டும்தான், பத்திரிகையிலும் போட்டோம் என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததை நானே கேட்டேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஆனால் உன்னை வாரத்துக்கு இரண்டு தடவை பார்க்கிறேனே" என்றார். கொஞ்சம் கழித்து, அந்தக் கூட்டத்துக்கு வந்து ஊஞ்சல் அளவுக்கு ஓர் ஓரம் விடச் சொல்லிக் கேட்டிருப்பேன், வேறு ஒன்றும் கேட்டிருக்கமாட்டேன் என்றார். குனிந்து மகளின் ஜாக்கெட் ஜிப்பை மேலே இழுத்துவிட்டு, வியாழக்கிழமை பார்க்கலாமா என்றார். பார்க்கலாம் என்றேன்.

அன்று சாயங்காலம் அங்கிளுக்குப் போன் செய்து, ஓர் ஓரம் விட முடியுமா என்று கேட்டேன். "அப்ரூவ் ஆன பிளானை மாத்துனா மறுபடி ஹியரிங்குக்குல்ல போகோணும்?" என்றார். சரி என்று வைத்துவிட்டேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. அந்தக் கோடையிலேயே மிஸ் டேகேரை மூடிவிட்டு, தங்கை இருந்த ஊருக்குப் போய்விட்டார் என்று பின்னால் லைப்ரரியில் கேள்விப்பட்டேன். ஹால் நன்றாக நடந்தது. என் மகள் அங்கேதான் பாட்டுக் கற்றுக்கொண்டாள்.

அந்த வியாழக்கிழமை நான் போகவில்லை. மிஸ் முகத்தில் முழிக்கத் தைரியம் இல்லாமல் லைப்ரரிக்கும் லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்குப் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. ஆன்சரிங் மெஷினில் மிஸ்ஸின் குரல் வந்தது. குழந்தைக்கு உடம்பு சரியில்லையா, ஒன்றும் அவசரமில்லை, நன்றாகப் பார்த்துக்கொள், அவளுக்குப் பிடிக்குமே என்று மக்ரோனி செய்திருக்கிறேன், எடுத்து வைக்கிறேன் என்றார்.

"மிஸ்!" என்று மகள் போனை எடுக்க ஓடினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.