வேகத்தைக் குறைக்கச் சொன்னவன்

சர்வரில் செருகிய புது ஹார்ட் டிஸ்க் வட்டின் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. சர்வர் அறையின் குளிருக்குச் சால்வையைச் சுற்றிக்கொண்டு எங்கள் சிஸ்டம் மேடம் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தில்லி அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மேடம்தான். திருநெல்வேலிக்காரர். கணவர் கப்பல் வேலையில் இருந்ததால், மூன்று வயது மகளைச் சென்னையில் அக்காவிடம் விட்டிருந்தார். சென்னைக்கு மாற்றல் உத்தரவு கைக்கு வந்துவிட்டது. ஏப்ரலில் போய்ச் சேர வேண்டும். நான் அந்தப் பிரிவின் இயக்குநர்.

சர்வரின் ஐந்து வட்டுகளில் ஒன்று முந்தைய நாள் செத்திருந்தது. புதியதைச் செருகினால், மற்ற நான்கும் தங்களிடம் உள்ளதை வைத்துச் செத்ததில் இருந்ததை அதில் திரும்ப எழுதிவிடும். அது முடிவதற்குள் இன்னொன்றும் போனால் எல்லாமே போய்விடும். மேடம் இதைத் தெளிவாகவே சொல்லியிருந்தார். புரியவில்லை என்று நான் இன்று தப்பிக்க வழியில்லை.

காலையிலிருந்து மதியம்வரை ஐந்து சதவீதம்கூட ஏறவில்லை. மேடம் கேபிளை மாற்றினார், புது வட்டைச் சோதித்தார். குறை எதுவும் இல்லை. காரணம் நாங்கள்தான். அது மார்ச் கடைசி வாரம். ஒதுக்கிய நிதியைச் செலவுக் கணக்கில் ஏற்றிவிட மொத்த அலுவலகமும் அந்த நான்கு வட்டுகளைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. இரவுகளிலும் கணக்குப் பிரிவு கலைவதில்லை. மேடம் ஓர் அமைப்பை மாற்றி, மீட்பு வேலைக்கு முன்னுரிமை கொடுத்தார். சதவீதம் மளமளவென்று ஏறியது. எங்கள் திரைகள் உறைந்தன. கணக்குப் பிரிவின் பஞ்சாபி அதிகாரி கதவில் சாய்ந்துகொண்டு, "க்யா மேடம்ஜி, பைல்காடி சலா ரஹே ஹோ?" என்றார். மாட்டுவண்டி ஓட்டுகிறீர்களா என்று கிண்டல். அவருக்குப் பின்னாலேயே மேலிடத்துத் தொலைபேசி வந்தது.

"பழையபடி வச்சிருங்கம்மா" என்றேன்.

"சார், இன்னைக்கு மட்டும் எல்லாரையும் நிறுத்துங்க. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும். அஞ்சு டிஸ்க்கும் ஒண்ணா வாங்கினது. ஒண்ணு போச்சுன்னா மத்ததும் தள்ளாடிக்கிட்டுத்தான் இருக்கும்."

"மார்ச்ல எப்படிம்மா நிறுத்துறது? ஏப்ரல் வரட்டும், என்ன வேணா பண்ணுங்க."

"டிஸ்க்குக்கு மார்ச்சும் தெரியாது, ஏப்ரலும் தெரியாது சார்" என்று சொல்லிக்கொண்டே அமைப்பைப் பழையபடி மாற்றினார். மறுநாள் மதியம், பாதியைத் தாண்டியிருந்த நிலையில், இரண்டாவது வட்டு போனது.

கணக்குகளோடு ஊழியர்களின் பணிப்பதிவேடுகளும் உள்ளே இருந்தன. தூய்மை இயக்கத்தின்போது அந்தப் பதிவேடுகளை ஸ்கேன் செய்துவிட்டு, மூலக் காகிதங்களைப் பழைய பேப்பருக்குப் போடச் சொன்னவன் நான். காலி அலமாரிகளைக் காட்டிப் பாராட்டும் வாங்கினேன். நகலொன்றை வேறு இயந்திரத்தில் வைக்க அனுமதி கேட்டு மேடம் அனுப்பிய குறிப்பில் 'பேசவும்' என்று எழுதித் திருப்பியிருந்தேன். அரசு அலுவலகத்தில் அப்படி எழுதிவிட்டால் பிறகு யாரும் பேசுவதில்லை.

விசாரணையில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: வேகத்தைக் கூட்டியதும் குறைத்ததும் யார்? இரண்டு முறையும் மேடம் பெயர்தான் பதிவாகியிருந்தது. "தொழில்நுட்ப முடிவுகளை அவரே எடுப்பார்" என்றேன். அது பொய்கூட இல்லை. குறைத்தது என் உத்தரவு என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். மேடம் எதிரில்தான் இருந்தார். என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விசாரணை முடியும்வரை மாற்றல் நிறுத்தப்பட்டது. அது முடியப் பல வருடங்கள் ஆயின. அதற்குள் சென்னையில் அவருக்கு இடம் இல்லாமல் போய், தில்லியிலேயே தங்கிவிட்டார். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

இப்போது ஓய்வுபெற்று, தில்லி துவாரகாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். சென்ற மாதம், தமிழ்ச் சாப்பாடு கிடைக்கும் சாணக்யபுரி விருந்தினர் இல்ல உணவகத்தில் மேடத்தைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. பக்கத்தில் மகள், நேர்முகத் தேர்வுக்காக வந்திருந்தாள். மேடமே எழுந்துவந்து என்னைத் தங்கள் மேசைக்கு அழைத்துப்போனார். எத்தனையோ வருடங்களாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததைத் தொடங்கினேன். "அந்த மார்ச்ல, மேடம், நான்..."

மகளின் போன் அடித்தது. சென்னை அழைப்பு; திரையில் 'அம்மா' என்று இருந்தது. "சாப்பிட்டுட்டு இருக்கேம்மா. டெல்லிம்மாகூடத்தான். ஆமா, நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. அப்புறம் பேசுறேம்மா."

மேடம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்று, மறுபடி பிசைந்தது.

"மோர் வாங்கிக்கோங்க சார்" என்றார்.

வாங்கிக்கொண்டேன்.