ஆம்பூரில் நான் போட்ட நக்ஷா

மார்கழி விடுமுறைக்குத் தோல் பதனிடும் ஊரான ஆம்பூர் போகிறேன் என்றதும் பள்ளிக்கூடத்தில் எல்லா உபாத்தியாயர்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர் மட்டும் பிடிக்கவில்லை, அவருக்கு ஜலதோஷம். நான் சித்திர உபாத்தியாயன். வருஷம் பூராவும் பையன்களுக்குக் கூம்பும் உருளையும் போடக் கற்றுக்கொடுத்து எனக்கே கை மரத்துப்போயிருந்தது. பனி விழும் ஊரில் விடியற்காலையில் காலாற நடக்க வேண்டும், ஒரு நல்ல படமாவது எழுத வேண்டும், இவ்வளவுதான் என் ஆசை. சென்னையில் டிசம்பரில் கொஞ்சம் குறைவாக வேர்க்கும். அதற்குப் பெயர் குளிர்காலம்.

சென்ட்ரலில் காலை ஏழரை மணிக்கு மூன்றாம் வகுப்பில் ஏறினேன். ஆம்பூர் நூற்றுப் பன்னிரண்டு மைல். அரக்கோணம் வரை நின்றுகொண்டே வந்தேன். அரக்கோணத்தில் எனக்கு இடம் கிடைத்தது. என் வர்ணப் பெட்டியின் மேல் ஒரு பெரியவருக்கு இடம் கிடைத்தது.

"ஐயா, அது பெட்டி" என்றேன்.

"பெட்டின்னு தெரிஞ்சுதானே உக்காந்தேன்" என்றார் அவர்.

காட்பாடியில் அவர் இறங்கிய பிறகு திறந்து பார்த்தால், நீல வர்ணக் குழாய் பிதுங்கி மூடி முழுவதும் நீலம். துடைக்கப் போய் வேஷ்டியும் நீலம். குடியாத்தத்துக்கு அப்பால் இரண்டு பக்கமும் மலைகள் நெருங்கி வரும், பார்க்க ரொம்ப ரம்மியமாக இருக்கும் என்று சொல்வார்கள். இருக்கலாம். நான் வேஷ்டியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிற்பகல் ஒன்றரை மணிக்கு ஆம்பூர். சென்னைப் பெரியமேட்டில் தோல் தரகு செய்யும் என் சிநேகிதர் சொல்லி வைத்திருந்ததால், ஆற்றோரத்தில் தோல் பதனிடும் ஒரு மண்டியின் பின்னறை எனக்காகக் காலியாக இருந்தது. ஸ்டேஷனிலிருந்து அங்கே போக ஜட்கா நாலணா. ஜட்காக்காரர் பெயர் காதர் பாய்.

"இன்னா வாத்யாரே, பெட்டியில இன்னா கீது?" என்றார்.

"வர்ணம். ஆற்றைப் பார்த்துப் படம் போட வந்திருக்கிறேன்."

"நக்ஷாவா?"

பெரியமேட்டில் அந்தச் சொல் என் காதில் விழுந்திருக்கிறது. உருதுவில் சித்திரத்துக்கு அதுதான் பெயர் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். தெரிந்தவனைப்போல, "ஆமாம் பாய், நக்ஷாதான்" என்றேன். காதர் பாய் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதற்கப்புறம் குதிரையை அதட்டாமல் மெதுவாகவே ஓட்டினார்.

மண்டியில் சுண்ணாம்பு வாடை, பச்சைத் தோல் வாடை, ஊறும் ஆவாரம் பட்டையின் வாடை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அறைக்குள் வந்தன. சன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டியது, திறந்தால் குமட்டியது. மானேஜர் ராகவலு நாயுடு வந்து, "ரெண்டு நாள்ல பழகிடும் சார்" என்றார். பழகியும் போயிற்று. எனக்கு அதிலும் கோபம்தான். இப்படி ஒரு வாடை பழகலாமா?

ஆனால் காலை நடையைப்பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஐந்தரை மணிக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாலாற்றில் இறங்கினால், காலுக்கடியில் மணல் சில்லென்று இருக்கும். எதிர்க்கரை தெரியாது. மெல்ல மெல்லப் பனைகளின் தலை மட்டும் பனிக்கு மேலே வரும், பிறகு மலையின் விளிம்பு, பிறகு ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள். பேசினால் வாயிலிருந்து புகை வருவதை நான் முதல்முறையாக அங்கேதான் பார்த்தேன். ஆள் இல்லாத இடத்தில் நின்று சிறுபிள்ளைபோல ஊதி ஊதிப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப நாளாயிற்று.

உட்கார்ந்து தூரிகையை எடுத்ததும் சந்தோஷம் போய்விடும். பனியில் காகிதம் நமுத்துப்போகும். பூசிய வர்ணம் காயாது. வானத்துக்குப் பூசியது மலையில் இறங்கும், மலை ஆற்றில் இறங்கும். வெயில் வந்து காயட்டும் என்று காத்திருந்தால், வெயில் வந்ததும் நான் பார்த்த காட்சியே இருக்காது. முதல் இரண்டு காகிதங்களைக் கிழித்து ஆற்றில் போட்டேன்.

ஜனங்கள் தொந்தரவு செய்வார்கள் என்று பயந்திருந்தேன். நடந்தது வேறு. ஆற்றோரத் தெருவில் இருப்பவர்கள் எல்லாம் தோல் மண்டியில் வேலை செய்கிறவர்கள். நான் உட்கார அவர்களே ஒரு கல்லைப் புரட்டிப் போட்டார்கள். ஆடு கிட்டே வந்தால் விரட்டினார்கள். கூட்டம் கூடினால், "தள்ளு தள்ளு, நக்ஷா போடறாரு" என்று அதட்டினார்கள். கலைக்கு ஆம்பூரில் இருக்கும் மரியாதை சென்னையில் இல்லையே என்று நெஞ்சு நிமிர்ந்தது.

முனியம்மாள் என்ற ஒருத்தி மட்டும் விடமாட்டாள். நாற்பது வயதிருக்கும், தினமும் காலியான குடத்தோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நிற்பாள்.

"சாமி, அந்தக் கால்வா போட்டீங்களா?"

"போடுவேன், போடுவேன்."

"இந்தப் பக்கம் எங்க ஊத்து கீது. அதை உட்டுட்டீங்களே?"

"அம்மா, எதைப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். குடத்தை வெளிச்சத்தில் நீட்டாதே!" என்று ஒரு நாள் கத்தியேவிட்டேன்.

அவள் குடத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஆனால் போகவில்லை.

உண்மையில் அந்தக் கால்வாய் இல்லாமல் படமே இல்லை. வெளுத்த மணலில் சிவப்பாக ஒரு கோடு வளைந்து இறங்கி, கிழக்கே விடியும் வெளிச்சத்தில் தகதகவென்று போய்க்கொண்டிருந்தது. என்னிடம் இருந்த சிவப்பும் காவியும் அதற்கென்றே வாங்கியவைபோல அமைந்தன. வாரக் கடைசியில் படம் முடிந்தது. பல வருஷங்களில் நான் எழுதியவற்றில் அதுதான் படம் என்று சொல்லத் தகுந்தது.

முடிந்த அன்றைக்குத்தான், அந்தச் சிவப்பு என்ன என்று அவளைக் கேட்டேன்.

"பட்டைத் தண்ணி சாமி. மண்டிக் கழிவு. முன்னெல்லாம் தெருவுக்குக் கீழால போவும். தீவாளிக்கு அப்புறம் மேலால வெட்டி உட்டுட்டாங்க. இப்ப எங்க ஊத்துல எறங்குது. கொடத்துல மொண்டா செவப்பா வருது. கொழந்தைங்களுக்கு வயித்தால போவுது. குடிக்கிற தண்ணிக்கு ஒண்ணரை மைலு போறோம்."

"யாரிடமும் சொல்லவில்லையா?"

"எங்க ஊட்டுக்காரரு அந்த மண்டியிலதான் சுண்ணாம்புக் குழியில நிக்கிறாரு. தெருவுல எல்லாரும் அங்கதான். யாரு வாயத் தொறக்கிறது? யாரு பேரும் இல்லாம ஒரு மனு போட்டோம். நாளைக்கு ரெவின்யூ இன்ஸ்பெட்டரு வர்றாராம். நீங்க வெளியூரு. நக்ஷாவும் போட்டுட்டீங்க. அதைக் காட்டிடுங்க சாமி, போதும்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிற்று. நேரே மண்டிக்குப் போய் நாயுடுவிடம் கேட்டேன். அவர் கோபிக்கவே இல்லை. "ஆத்து மண்ணோட கலரே அதுதான் சார். படம் ஷோக்கா கீது. ஆனா தண்ணிய நீலமா மாத்திடுங்க. முதலாளி சீமைக்கு அனுப்பினாலும் அனுப்புவாரு" என்றார்.

"என்னிடம் நீலம் கிடையாது. இருந்த நீலம் உங்கள் ஊருக்கு வரும் வழியில் என் வேஷ்டியில் போய்விட்டது. இருந்தாலும் மாற்ற மாட்டேன்" என்றேன்.

அவர் என் வேஷ்டியைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் விடியலில் ஆற்றில் இறங்கினால் கால்வாயைக் காணவில்லை. மண்டிக்கு வெளியே அதன் வாயில் மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டு, கீழே நெடுக வெள்ளை மணலைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார், பின்னால் பியூன், பக்கத்தில் நாயுடு. தெரு ஜனங்கள் தள்ளி நின்றார்கள். இன்ஸ்பெக்டர் மணலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "எங்கே ஐயா சிவப்பு?" என்றார்.

முனியம்மாள் என்னைப் பார்த்தாள்.

நான் முன்னால் போய்ப் படத்தை நீட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"பேஷ்! என்ன ஜோடனை! இது சூரியோதயமா, அஸ்தமனமா?"

"இரண்டும் இல்லை. அது தோல் மண்டிச் சாயத் தண்ணீர். நேற்று வரை இதோ இங்கே ஓடிக்கொண்டிருந்தது."

"சும்மா இருங்கள் ஸார். கிழக்கு வெளுக்கும்போது தண்ணீரில் சிவப்பு அடிக்கத்தானே செய்யும்? நானும் பார்த்திருக்கிறேன்."

"சார், அது நக்ஷா!" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல். காதர் பாய்தான் அது.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "நக்ஷாவா? நக்ஷா என்றால் ஸ்கேல் எங்கே? வடக்கு எது? சர்வே நம்பர் எங்கே? அளந்து போட்டால் நக்ஷா. இது படம் ஐயா, படம். எங்கள் ஹாலில் மாட்டினால் எடுப்பாக இருக்கும்."

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சித்திரம் இல்லை, நிலத்தை அளந்து போடும் வரைபடம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கல்லைப் புரட்டிப் போட்டதும், ஆட்டை விரட்டியதும் எதற்காக என்றும் புரிந்தது. நான் வாய் திறப்பதற்குள் பியூன் படத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டுவிட்டான். "அது என்னுடையது" என்றேன். "ரொம்ப வந்தனம்" என்றார் இன்ஸ்பெக்டர். நான் கொடுத்ததாகவே நினைத்துக்கொண்டு போய்விட்டார். பட்டப்பகலில், இத்தனை பேர் பார்க்க, ஒரு மனுஷன் என் படத்தையும் ஒரு தெருவின் தண்ணீரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறான். அவனுக்கு நான் கும்பிடு வேறு போட்டேன். அந்தக் கையை வெட்டிப் போடலாம்போல இருந்தது.

முனியம்மாள் கிட்டே வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அழகா போட்டுட்டீங்களே சாமி" என்றாள். "அசிங்கமா போட்டிருந்தா நம்பியிருப்பாரு."

மத்தியானம் மண்டிக்குப் போனால் என் பெட்டியும் படுக்கையும் வாசலில் கிடந்தன. நாயுடு வெளியே வரவில்லை. காதர் பாய் சாமான்களை ஜட்காவில் ஏற்றி, "சத்திரத்துல எடம் கீது வாத்யாரே. ராத்திரி வண்டிக்கு ஸ்டேஷன்ல உட்டுடட்டுமா?" என்றார்.

"வேண்டாம் பாய். நாளைக்கு உங்கள் ஜட்கா எனக்கு வேண்டும். கயிறு இருக்கிறதா?"

"கயிறு இல்லாத ஜட்கா உண்டா? இன்னாத்துக்கு?"

"நக்ஷா போட" என்றேன்.

மறுநாள் மூட்டைகளை எடுத்துவிட்டிருந்தார்கள். நான் எதிர்பார்த்ததுதான். இன்ஸ்பெக்டர் இனி ஆறு மாதத்துக்கு வரமாட்டார் என்ற தைரியம். கால்வாய் பழையபடி சிவப்பாக ஓடியது, பனியில் பழையபடி தகதகத்தது. நான் அதன் அழகை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கயிற்றில் கஜத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஒரு நுனியைக் காதர் பாய் பிடிக்க, மண்டிச் சுவரிலிருந்து ஊற்று வரைக்கும் அளந்தோம். பழைய கால்வாயின் தடம் தெருவுக்குக் கீழே இன்னும் இருந்தது, அதையும் அளந்தோம். சர்வே கற்கள் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொண்டேன். நம்பரை, ஊர் நிலக் கணக்கு எழுதும் கர்ணத்தின் ஆளிடம் காதர் பாய் விசாரித்து வந்தார். "அந்த ஆளு ஜாஸ்தி கேள்வி கேட்டான் வாத்யாரே. குதிரைக்குப் புல்லு அறுக்க எடம் பாக்கறேன்னு சொல்லிட்டேன்" என்றார்.

சத்திரத்தில் உட்கார்ந்து மையால் வரைந்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு. ஓரத்தில் வடக்கு காட்டும் அம்பு. பையன்கள் போட்டால் கொட்டாவி விட்டுக்கொண்டே மார்க் போடும் அதே வேலை. வானம் இல்லை, மலை இல்லை, பனி இல்லை. கால்வாய் இரண்டு கறுப்புக் கோடு, ஊற்று ஒரு வட்டம். 'அளந்து வரைந்தவர்' என்று கீழே என் பெயரையும் விலாசத்தையும் எழுதினேன். தெருக்காரர்கள் பெயர் ஒன்றும் எழுதவில்லை. இதனால் வரும் வம்பு என் வீட்டுக்கு வரட்டும்.

புறப்படுவதற்கு முன் முனியம்மாளிடம் காட்டினேன். அவள் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"இதுல பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லியே சாமி."

"இல்லை."

"அப்ப இது செல்லும்" என்றாள்.

டிக்கெட் சென்னைக்கு இருந்தும் காட்பாடியில் இறங்கி, ஆம்பூர் விவகாரங்களையும் பார்க்கும் வேலூர் தாலுகா கச்சேரிக்குப் போனேன். ஐந்து மைல் வண்டியில் குலுங்கி, வெளியே வெகுநேரம் காத்துக்கிடந்தேன். தோல் ஊர்களின் வழியாக வந்தவனுக்கு அந்தக் கச்சேரியின் சுத்தமான காற்று எரிச்சலூட்டியது. உள்ளே ஒரு குமாஸ்தா நக்ஷாவை வாங்கினார். சர்வே நம்பர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார், முத்திரை குத்தினார், ஒரு காகிதக் கட்டுக்குள் சொருகினார். தாசில்தார் பார்ப்பார் என்றார். எப்போது என்று கேட்டேன். பார்ப்பார் என்றார்.

ஆம்பூரின் மார்கழிக் காலைக்கு ஈடாகச் சென்னையில் ஒன்றும் கிடையாது. போகிறவர்கள் கட்டாயம் விடியலில் ஆற்றில் நடக்க வேண்டும். நான் சொல்லும் அழகெல்லாம் அங்கே இருக்கிறது. அதே வேளையில் முனியம்மாள் குடத்தோடு ஒன்றரை மைல் நடந்துகொண்டிருப்பாள், அதுவும் அங்கே இருக்கிறது. தாசில்தாரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. இரண்டு முறை எழுதிவிட்டேன், பதில் வரும் வரை எழுதுவேன். நக்ஷா மட்டும் அந்தக் காகிதக் கட்டுக்குள் பத்திரமாக இருக்கும். அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டமாட்டார்கள்.