மூன்று அம்பு தூரம்

பாரசீகத்துச் சங்காப் ஊரில் யாதிகாருக்கு நல்ல பெயர் கிடையாது. வாய் அப்படி. மலையடி ஊற்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் சுரங்க வாய்க்காலில், இருபது ஆள் ஆழத்தில், எலி மாதிரி ஊர்வது அவன் வேலை. நாளெல்லாம் பேச ஆளில்லாமல் இருட்டில் கிடந்துவிட்டு மேலே வந்ததும் பாக்கிப் பேச்சை மொத்தமாகப் பேசித் தீர்ப்பான். மருந்துக்கடை கயூமர்ஸின் மூக்கை ஒட்டக மூக்கு என்று பாட்டுக் கட்டி, அவர் மகள் சித்தாராவைக் கட்டிய அன்றைக்கே, கல்யாண வீட்டிலேயே பாடியவன். மாமனார் பதினோரு வருஷமாக அவனோடு பேசவில்லை. ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த சிலரில் அவர் ஒருவர், மூக்கும் பெரிதுதான்.

வாய்க்கால் வேலைக்காரர்கள் இறங்கும்போது வெள்ளைதான் உடுத்துவார்கள். விளக்கு மங்கினாலும் ஆள் தெரியும். மேலே மண் சரிந்தால் கோடித்துணி தேடி யாரும் அலைய வேண்டாம், ஆள் தயாராகவே போயிருப்பான். சித்தாரா அந்தச் சட்டையைத் திட்டிக்கொண்டேதான் துவைப்பாள். கிழிசலை மட்டும் வாயைத் திறக்காமல் தைப்பாள்.

மங்கோலியர் ஊரை வளைத்தபோது, முதலில் வாய்க்கால்களுக்குள் இறங்கும் கிணறுகளின் வாய்களைக் கல்லைப் போட்டு அடைத்தார்கள். ஊர் காய்ந்தது. ஐந்தாம் நாள் விடியலில் யாதிகாரின் அண்ணன் பஹ்மன் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு அடைப்பெடுக்கக் கிளம்பினான். வெள்ளை உடுப்பு, தோளில் கல் பெயர்க்கும் குந்தாலி.

யாதிகாரின் காலில் தேள் கொட்டியிருந்தது. "நீ வந்தா உன்னையும் சேத்துத் தூக்கணும், கெட" என்றான் பஹ்மன். அவன் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மதிலிலிருந்து யாதிகார் எல்லாவற்றையும் பார்த்தான். குதிரைக்காரர்கள் ஏதோ கத்தினார்கள். பஹ்மன் குந்தாலியை ஓங்கினான். ஏழு பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

ஊர் விழுந்து இரண்டு வருஷம் கழித்துப் புத்தகம் வந்தது. மங்கோலியப் படையோடு எழுத்து வேலைக்கு வந்த மஜ்துத்தீன் என்ற முன்ஷி, நம் பாரசீக மொழிக்காரர்தான், வெற்றிக் கதையை எழுதி முடித்து வெள்ளிக்கிழமை மசூதியில் வாசித்தார். கண்ணால் கண்டதைத் தவிர எதையும் எழுதமாட்டேன் என்று முதல் பக்கத்திலேயே சத்தியம். குரல் தேன். அந்தக் குரலில் இதுவும் வந்தது:

"ஐந்தாம் நாள் விடியலில் ஊரார் எழுவர் கோடித்துணி உடுத்தி, கழுத்தில் வாளைத் தொங்கவிட்டு, சரணடைவோர் முறைப்படி உயிர்ப்பிச்சை கேட்டு வந்தனர். இதை நான் கண்டேன்."

யாதிகார் எழுந்தான்.

"ஐயா, அது எங்க அண்ணன். பிச்சை கேக்கப் போகல. எங்க வீட்டுல உப்புக்கூடக் கடன் கேக்க மாட்டான்."

"நான் கண்ணால பாத்தேன்பா."

"எங்க நின்னு பாத்தீங்க?"

"மேட்டுல, கூடாரத்து வாசல்ல."

"அங்கேருந்து மூணு அம்பு தூரம். எங்க மாமா மூக்கே தெரியாது."

சிரித்தவர்கள் உடனே இருமிக்கொண்டார்கள். காவலர்கள் யாதிகாரைத் தூக்கி வெளியே போட்டார்கள். கயூமர்ஸ் தலையைக் குனிந்து பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் மங்கோலிய அதிகாரியிடமிருந்து உத்தரவு. மேட்டில் தோட்டம் போடுகிறாராம், கிழக்கு வாய்க்கால் ஓடவேண்டுமாம். கல் போட்டு அடைத்ததில் இன்னும் திறக்காத ஒன்று, பஹ்மன் திறக்கப் போன அதே வாய்க்கால். அதன் வழி தெரிந்தவன் உயிரோடு ஒருத்தன்தான்.

யாதிகார் ஐந்து பேரோடு விடியலில் போனான். வெள்ளை உடுப்பு, தோளில் குந்தாலி. வேறெப்படிப் போவது? மேட்டுக் கூடாரத்திலிருந்து முன்ஷி தூக்கக் கலக்கத்தோடு ஓடிவந்தார்.

"யாருடா அது! எந்த ஊர்ல கலகம்? எதுக்கு மன்னிப்புக் கேட்டு வர்றீங்க?"

யாதிகார் நின்றான். "கிட்ட வாங்க முன்ஷி ஐயா. இன்னும் கிட்ட. இது வாளா?"

முன்ஷி குந்தாலியைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். பிறகு கிணற்று வாயில் குவிந்த கல்லைப் பார்த்தார்.

யாதிகார் அந்தக் கல்மேலேயே உட்கார்ந்துவிட்டான். "புத்தகத்தைத் திருத்துங்க. அப்புறம் எறங்கறேன்."

"ஒரு பிரதி தலைநகருக்குப் போயிடுச்சுடா. அழிக்க முடியாது."

"அழிக்க வேணாம். உங்க கையில இருக்கறதுல ஓரம் காலியா இருக்குல்ல? அதுல எழுதுங்க. இதைப் பாத்துப் பெயர்த்து எழுதறவன் அதையும் எழுதுவான்."

சத்தம் கேட்டு அதிகாரி வந்தார், ஏதோ உறுமினார். முன்ஷி யாதிகார் பக்கம் குனிந்தார். "உன் தலை போயிடும்னு சொல்றார்."

"என் உடுப்பைப் பாக்கச் சொல்லுங்க. தெனமும் பொணமாத் தயாராகித்தான் வேலைக்கே கெளம்பறேன். என்னைக் கொன்னுட்டு அவரே எறங்கட்டும். நல்ல குண்டு மனுஷன், நடுவுல மாட்டிக்குவார்."

கடைசி வரியை முன்ஷி மொழிபெயர்க்கவில்லை. அதிகாரி மேட்டில் வாடிக்கிடந்த செடிகளைப் பார்த்தார். கையை உதறிக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். எழுதித் தொலை என்றிருக்கும்.

முன்ஷி கூடாரத்திலிருந்து புத்தகத்தை எடுத்துவந்து, அண்ணன் பேரைக் கேட்டுக்கொண்டு எழுதினார். ரொம்ப நேரம் எழுதினார். யாதிகாருக்கு எழுத்துத் தெரியாது. "எங்க மாமாவைக் கூப்பிடுங்க. அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. எனக்காகப் பொய் படிக்க மாட்டார்."

கயூமர்ஸ் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மருமகன் பக்கம் திரும்பாமல் புத்தகத்தை வாங்கிப் படித்தார்.

"வெள்ளை உடுத்தி வந்தோர் வாய்க்கால் வேலைக்காரர் எழுவர், முன்னே வந்தவர் பஹ்மன். தண்ணீர் திறக்க வந்தனர், சரணடைய அல்ல. அவர்கள் தோளில் இருந்தது குந்தாலி. நான் மூன்று அம்பு தூரத்தில் நின்றேன். பார்த்தேன், யாரென்று கேட்கவில்லை."

கடைசி வரியை யாரும் கேட்டு வாங்கவில்லை. அவராகவே எழுதியது.

கயூமர்ஸ் மூக்கை உறிஞ்சினார். அது கொஞ்சம் நேரமெடுக்கும் வேலை. "எழுத்து சரியா இருக்கு" என்றார். "உன் பாட்டுதான் தப்பு. ஒட்டக மூக்கு இவ்ளோ பெரிசு இல்ல."

பதினோரு வருஷத்தில் முதல் பேச்சு. யாதிகார் எழுந்து கூட வந்தவர்களைக் கூப்பிட்டான். கல்லைப் புரட்டிப் போட்டான், கயிற்றைப் பிடித்தான், இறங்கினான். வெள்ளைச் சட்டை சின்னதாகிக்கொண்டே போய் மறைந்தது. கொஞ்ச நேரம் குந்தாலிச் சத்தம் கேட்டது. அதுவும் நின்றது.

"மாமா!" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "பஹ்மன் பேரு வர்ற எடத்தை இன்னொரு தரம் படிங்க!"

கயூமர்ஸ் கிணற்று வாயில் குப்புறப் படுத்து, புத்தகத்தை உள்ளே நீட்டிப் பிடித்துக்கொண்டு, மேட்டுக்கே கேட்கிற மாதிரி கத்திப் படித்தார்.