பரேடு மைதானத்து இந்தி

கல்லூரியில் நான் பரேடில் சேர்ந்தது தேசபக்தியால் அல்ல. முடிந்ததும் பூரி மசாலா தருவார்கள். கூடவே இந்தியும் கிடைத்தது. விறைத்து நிற்க சாவ்தான், தளர்ந்து நிற்க விஷ்ராம், நடக்க தேஜ் சல், நிறுத்த தம் என்று மொத்தம் இருபது சொல் இருக்கும். எனக்குத் தொண்டை பெரிது என்பதால் ஆணை கொடுக்கும் வேலையும் வந்து சேர்ந்தது.

ஒருநாள் வழி தெரியாமல் நின்ற வடநாட்டு யாத்ரிகர்களை, "தேஜ் சல், பாயே முட், தம்" என்று கத்தியே இடப்பக்கம் திருப்பி, காஞ்சிபுரம் வரதராஜர் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். பெருமாளுக்கு முன்னால் என்னைக் கும்பிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு இந்தி தெரியும் என்று ஊரே நம்பியது. மறுக்கிற அளவு நேர்மை என்னிடம் இல்லை.

பரேடு நடத்தியவர் ராணுவத்திலிருந்து வந்த வடக்கத்திக்காரர். உஸ்தாத் என்போம். வடக்கே சொந்த ஊரில் அவருடைய அப்பாவுக்கு உடம்பு மோசம் என்று எல்லோருக்கும் தெரியும். உஸ்தாத் வெளியூர் போயிருந்த ஒரு காலையில், ஆபீஸ் கிளார்க் மைதானத்துக்கே ஓடிவந்தார்.

"இந்தி பண்டிட்டு, சீக்கிரம் வாப்பா! போன்ல யாரோ பெரியவரு, உஸ்தாத் பேர சொல்லிக்கினே இருக்குறாரு."

இருமலுக்கு நடுவே கிழவர் நிறையப் பேசினார். ஏதோ கேட்டார். "ஜி" என்றேன். மறுபடி கேட்டார். சரி என்கிற பாவனையில் "டீக் ஹை" என்றேன். பெருமூச்சு கேட்டது. போன் அடங்கிவிட்டது.

"இன்னாபா சொன்னாரு?"

"சும்மா விசாரிச்சாரு. நல்லாதான் இருக்குறாராம்."

சாயங்காலம் திரும்பிவந்த உஸ்தாதிடமும் எல்லாம் சரி என்று "சப் டீக்" சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. என் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் உஸ்தாதுக்குத் தந்தி வந்தது. அப்பா போய்விட்டார்.

டிரங்குப் பெட்டியோடு கிளம்பிய உஸ்தாத் என் முன்னால் வந்து நின்றார். நான் சாவ்தானில் நின்றேன்.

"அப்பா இன்னாபா சொன்னாரு? ஒரு வார்த்தை ஞாபகம் இருந்தாலும் சொல்லு."

சுத்தமான காஞ்சிபுரத்துத் தமிழ். அதே மைதானத்தில், எங்கள் அரட்டையைக் கேட்டுக்கேட்டே கற்றிருக்கிறார்.

"எனக்குப் புரியல, உஸ்தாத்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா நான் திரும்பி போன் போட்டிருப்பேனேபா."

திட்டியிருக்கலாம். அதையும் எங்களிடம் கற்றிருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அவர் திரும்பி வரவில்லை. வடக்கிலிருந்து வேறொருவர் வந்தார். எனக்கு இந்தி தெரியாது என்று அவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். தமிழில் சொன்னதால் அவருக்குப் புரியவில்லை.