பாஸ்வேர்டு கேட்டு வந்த போன்

1999-ல், தீபாவளிக்கு நாலைந்து நாள் இருக்கும்போது தி.நகர் பேருந்து நிலையத்தில் ஆரம்பித்தது இது. மயிலாப்பூர் பஸ் வந்து நின்றதும் கூட்டம் முண்டியடித்தது. படியில் கால் வைத்தேன், தோள் சட்டென்று லேசானது. பையின் வார் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பிளேடு போட்டுவிட்டார்கள். பையோடு போனது எங்கள் அலுவலக லேப்டாப்.

அப்போது நான் அடையாறில், எச்.ஐ.வி. பாதித்தவர்களுக்கான ஒரு சிறிய சிகிச்சை மையத்தில் ஆலோசகராக இருந்தேன். வாரம் ஒருநாள் தி.நகரிலும் உட்காருவோம். விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போகும், வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், கூடப் பிறந்தவர்களே தட்டைத் தனியாக வைப்பார்கள். அன்றைய நிலைமை அப்படி. எங்களிடம் வந்தவர்களின் விலாசம், ரத்தப் பரிசோதனை முடிவு, அழுதுகொண்டே சொன்ன கதை எல்லாம் அந்த லேப்டாப்பில்தான் இருந்தன.

எனக்கு ஒரே ஒரு தைரியம், அதை யாரும் லேசில் படித்துவிட முடியாது. அதற்குக் காரணம், எங்களிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த, துணிக்கடையில் சேலை விற்கும் ஒரு பெண். லேப்டாப் வந்த புதிதில் அதைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

“இதுலயா என் கதைய எழுதப் போற? நாளைக்கு எவனாச்சும் தூக்கிக்கினு போய்ட்டா இன்னாக்கா பண்ணுவே?”

அன்றைக்கு மாலையே கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த என் அக்கா கணவரிடம் போய் நின்றேன்.

“சாதாரண பாஸ்வேர்டு வாசக்கதவுத் தாப்பாள் மாதிரிதான். டிஸ்க்கைக் கழட்டிண்டு போய் வேற மிஷின்ல மாட்டினா எல்லாத்தையும் படிச்சுடலாம். டிஸ்க்கையே மொத்தமா குழப்பிப் பூட்டற சாஃப்ட்வேர் இருக்கு, போட்டுத் தரேன். ஆனா பாஸ்வேர்டை மறந்தேன்னா உனக்கும் கிடையாது, ஊருக்கும் கிடையாது” என்றார்.

போட்டுக் கொடுத்தார். காலையில் லேப்டாப்பைத் திறந்ததும் ஒரு நீளமான வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் அடிக்க வேண்டும். அப்புறம் அது எழுந்து வருவதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம். எங்கள் மையத்தை நடத்திய டாக்டரம்மா தினமும் சலித்துக்கொள்வார். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

திருட்டுப்போன மறுநாள் போலீசில் புகார் கொடுத்தோம். தீபாவளி முடிந்து மையத்தைத் திறந்த அன்று போன் வந்தது. லேப்டாப்பில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்து யாரோ ஒருவன் கூப்பிட்டிருக்கிறான்.

“மேடம், உங்க மெஷினு என்கிட்ட கீது. நான் திருடன் இல்ல. ஒருத்தன் விக்க எடுத்தாந்தான், வாங்கி வச்சிக்கினேன். ஆன் பண்ணா பாஸ்வேர்டு கேக்குது. அதச் சொல்லுங்க. உங்க ஃபைலெல்லாம் பிளாப்பி டிஸ்க்ல போட்டு அனுப்பிடறேன்.”

“மெஷினைக் கொண்டுவாங்க, நானே திறக்கறேன்” என்றேன்.

“அது ஆவாது மேடம். யோசிச்சு வைங்க, மறுபடி பண்றேன்.”

ஏதோ பொது டெலிபோன் பூத்திலிருந்து பேசியிருக்கிறான். போலீசால் ஆளைப் பிடிக்க முடியவில்லை.

டாக்டரம்மா கலங்கிப்போனார். பீரோவில் அந்தப் பதிவுகளின் பழைய பிரதி ஒன்று இருந்தது. ஆனால் சமீபத்தில் சேர்ந்தவர்கள், யாருக்கு என்ன மருந்து மாற்றினோம் என்பதெல்லாம் லேப்டாப்பில் மட்டுமே.

“சொல்லிடலாமேம்மா. காப்பி பண்ணித் தரேன்னுதானே சொல்றான்?”

“காப்பி பண்றவன் படிக்கவும் படிப்பான் மேடம். சொல்ல மாட்டேன்.”

அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. பீரோவிலிருந்து அந்தப் பழைய பிரதியை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு, “சரி, போனா போகட்டும்” என்றார்.

அடுத்த சில நாட்கள் சோறு இறங்கவில்லை. அக்கா கணவர் சொன்னதை நம்பினேன்தான். ஆனாலும், நிஜமாகவே ஒருவன் டிஸ்க்கைக் கழட்டி உட்காரும்போது அந்தப் பூட்டு நிற்குமா? பஸ்ஸில் யாராவது என்னை உற்றுப் பார்த்தால்கூட அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவேன்.

மறுபடி போன் வந்தது.

“இன்னா மேடம் பண்ணி வச்சிகீறீங்க? டிஸ்க்கக் கயட்டி வேற மெஷின்ல போட்டுப் பாத்தாச்சு. எல்லாம் கோணல்மாணலா கீது, ஒரு எழுத்து புரியல. கடைசியாக் கேக்கறேன். சொல்லலைன்னா மொத்தத்தையும் அழிச்சிடுவேன்.”

“அழிச்சுடுங்க” என்றேன்.

திட்டிவிட்டு வைத்தான். ரிசீவரை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். பயமா நிம்மதியா, எனக்கே தெரியவில்லை.

இனி எல்லாரிடமும் மறுபடி கேட்டு எழுத வேண்டும். லேப்டாப் திருட்டுப்போனதைச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று பயந்தார் டாக்டரம்மா. மறைத்துவிட்டு எந்த முகத்தோடு கேட்பது? வந்த ஒவ்வொருவரிடமும் நடந்ததை அப்படியே சொன்னேன். ஒருவர் கோபமாக எழுந்து போனார், பிறகு வரவே இல்லை. சிலர் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நானும் திரும்பத் திரும்பப் பதில் சொன்னேன்.

சேலைக்கடைப் பெண் வந்த அன்று நல்ல மழை. நனைந்த தாவணியைப் பிழிந்துகொண்டே முழுவதையும் கேட்டாள்.

“அவன் கேட்டப்போ நீ சொல்லவே இல்லியா?”

“இல்லை.”

“மெஷினே போனாலும் பரவால்லன்னா?”

“ஆமாம்.”

நாற்காலியை மேஜைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அக்கா, நான் உன்கிட்ட சொன்ன பேரு என் பேரு இல்ல. விலாசமும் பொய்யி. இப்ப நெசத்தச் சொல்றேன், எழுதிக்கோ.”

சொன்னாள். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். இன்றும் யாராவது என் எதிரில் உட்கார்ந்து தன் பெயரைச் சொல்லத் தொடங்கினால், எழுதுவதற்கு முன்னால், இதை எங்கே பத்திரமாக வைக்கப்போகிறோம் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.