நனையாத பாவு

புயல் வருகிறது என்று ரேடியோ சொன்ன அன்று தம்பி முள்ளிப்பட்டில் பழைய மண்சுவர் வீட்டில் தனியாக இருந்தான். ஆரணிக்கு வந்துவிடு என்று எவ்வளவோ கெஞ்சினேன். தறிக்குழியில் தண்ணீர் ஊறினால் தறியில் நீளவாக்கில் ஏற்றிய பட்டு நூல், அந்தப் பாவு, வீணாகிவிடும் என்று மறுத்துவிட்டான். நானும் அம்மாவும் காலையிலிருந்து எதிர்வீட்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

மதியம் அவனே பேசினான். "பாவு நனையலக்கா. சுருட்டி உத்தரத்துல கட்டிட்டேன்."

குரல் நடுங்கியது. குளிர் என்று நினைத்தேன். அம்மா ரிசீவரைப் பிடுங்கி, "ஜரிகை?" என்றாள். அதுவும் பத்திரம் என்றான். அம்மா சாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள். நான் வயிறு நிறையச் சோறு தின்றேன். ஆமாம், தின்றேன், மறைத்து என்ன ஆகப்போகிறது?

சாயங்காலம் அவன் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லித்தான் தெரிந்தது. பாவைக் கட்டிவிட்டு இறங்கியபோது பக்கச் சுவர் அவன் கால்மேல் சரிந்திருக்கிறது. எங்களிடம் பேசியது ஆஸ்பத்திரியிலிருந்து. எங்கிருந்து பேசுகிறாய் என்று எங்களில் ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்தப் பாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. வேறு ஆளை உட்காரவைத்துத்தான் நெய்து முடித்தோம். தறி மிதிக்கத் தம்பிக்கு வலது கால் இல்லை.